மிக நன்று போட்ட ஆமை

நேற்று மாலை வீடு முழுக்கப் பசை வாசனை. என் மகன் தரையில் உட்கார்ந்து பாட்டிலை வெட்டி ஆமை செய்துகொண்டிருந்தான். கடலில் சேரும் குப்பையைப் பற்றி ஸ்கூலில் கண்காட்சியாம். வீட்டில் காலி பாட்டில் இல்லையென்று என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் வாங்கிவந்து, பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கொட்டினார். பிளாஸ்டிக்கைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடும்! சிரிக்க வேண்டியவள்தான். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் இதே ஆமையைச் சொல்லிக்கொடுத்தவள்தான். திருச்சி தில்லை நகரில் ஒரு சின்ன ஸ்கூல், நாலாம் வகுப்பு. வேலையும் புதிது, கல்யாணமும் புதிது. உற்சாகம் மட்டும் ஊருக்கே பங்கு வைக்கலாம், அவ்வளவு. என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. அதனால் காவிரியைப் பிடித்துக்கொண்டேன். "நாம போடுறதையெல்லாம் ஆறு கடலுக்குக் கொண்டு போயிடும்" என்று தினமும் சொன்னேன். பாட்டிலின் அடிப்பாகம் ஓடு, பால் கவர் கால்கள், ஐஸ்கிரீம் டப்பா மூடி வயிறு. நித்யா என்ற பெண் செய்ததுதான் அழகு. அதன் வயிற்றில் சிவப்பு மார்க்கரால் 'மிக நன்று' என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வருஷ ஆடிப்பெருக்குக்குக் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லை. மாமியார் எனக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் காவிரித்தாய்க்குக் காதோலை கருகமணியும் பூவும் ஆற்றில் விட்டார்கள். மூன்று படி கீழே நித்யா நின்றாள், கையில் அந்த ஆமையோடு. அவள் அம்மா திரும்பி நின்று, காற்றில் அணைந்த விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்.

நித்யா ஆமையை விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றிப் படிக்கே திரும்பியது. தள்ளிவிட்டாள். மறுபடியும் வந்தது. அவள் இன்னொரு படி இறங்கினாள், இன்னொன்று. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது, அவள் பின்னல்தான் கையில் சிக்கியது.

"மிஸ், வலிக்குது!"

"என்னடி பண்ற?"

"அது கடல்லதானே இருக்கணும்? ஆறு கொண்டு போயிடும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

அவள் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெய்வமா வந்தீங்க மிஸ்." அந்த நன்றியை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை. ஆமை அதற்குள் நீரோட்டத்தைப் பிடித்து, மாலைகளோடு மாலையாகப் போய்விட்டது.

ஸ்கூல் இருந்த இடத்தில் இப்போது ஒரு மருத்துவமனை. நித்யா குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது, அவள் அம்மாவின் நம்பரும் உபயோகத்தில் இல்லை. மாமியாரும் இல்லை. நேற்று மகன் ஆமையைத் தூக்கிக் காட்டினான்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குடா. ஆத்துப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாதே."

ஏன் என்று கேட்டான். தரையில் கிடந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். அந்த நாளில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த ஆமை மட்டும் எங்கேயோ இருக்கும், என் கையெழுத்தோடு. தண்ணீரில் போட்டாலும் அழியாது என்று கடைக்காரர் அடித்துச் சொல்லித்தான் அந்த மார்க்கரைக் கொடுத்தார்.