குவான் சேயை மலை இறங்க விடாத அம்மன்

அம்மன் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. என் வாய் வீட்டுக்குள்ளேதான் நீளும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆனாலும் அவள் எனக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், தீபாவளி கழிந்த வாரம், வியாழக்கிழமை. மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்போது எனக்கு ஏழாம் மாசம். சாமி மேடையைப் பார்த்தேன். எங்கள் மாரியம்மன் படம் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஐந்து வருஷமாக இருந்த சீனத்துச் சாமி குவான் யின் படத்தைக் காணோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குவான் சே தனக்காகத் தைத்து வைத்திருந்த சாவு உடுப்புப் பெட்டியும் இல்லை. அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார், அதுவும் சாகப் போய்விட்டார் என்று புரிந்துவிட்டது.

குவான் சே யார் என்று கேட்பீர்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பிள்ளை வளர்த்த சீனத்தி. சே என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சாமி முன்னால் கொண்டை போட்டுக்கொண்டவர். அந்தச் சத்தியத்தோடு கப்பல் ஏறி வந்தவருக்கு இங்கே சொந்தம் என்று ஒரு குருவி கூடக் கிடையாது. நானும் அதே பங்களாவில் பாத்திரம் கழுவினேன். துரை சீமைக்குப் போனதும் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போனது. நான் கொழுந்துக்குப் போனேன். அவருக்குப் போக இடமில்லை. "ரெண்டு நாள் எங்க லயத்துல இருங்க சே" என்று தொழிலாளர் வரிசை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, எண்ணெய் தடவி வாரிய கொண்டை, இந்தக் கோலம் ஒரு நாளும் மாறாது. எனக்கு வெள்ளிக்கிழமை சைவம், அவருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் சைவம். என் வீட்டுக்காரர், "ரெண்டு சாமியும் சேந்து எனக்குக் கருவாட்ட கண்ணுல காட்ட மாட்டேங்குது லா" என்று புலம்புவார். தோட்டத்தில் திரை கட்டித் தமிழ்ப் படம் போட்டால் குவான் சே முதல் ஆளாகப் பாயோடு போய்விடுவார். கதை புரியாது. ஆனால் கதாநாயகி அழுவதற்கு முன்பே இவர் அழுதுவிடுவார்.

எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாமல் இருந்து எனக்கு வயிறு திறந்தது. அன்றிலிருந்து என்னைவிட அவர்தான் முழுகாமல் இருப்பது போல நடந்துகொண்டார். சீனர்கள் வழக்கப்படி பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதாம், கட்டிலை நகர்த்தக் கூடாதாம். என் வீட்டுக்காரர் காலண்டர் மாட்டச் சுத்தியலை எடுத்தார். குவான் சே பாய்ந்து பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கால் வீங்கியது. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெஸர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். குவான் சே தலையாட்டினார், ஆனால் போகவில்லை. அந்த வியாழக்கிழமை நாங்கள் வேலைக்குப் போனபின் கிளம்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தானா ராத்தா டவுனில் குவான் சே ஊதுபத்தி வாங்கும் கடைக்கு ஓடினார். கடைக்காரச் சீனருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "வயித்துப் புள்ள இருக்கற வீட்டுல வயசாளி சாகக் கூடாது. புள்ளைக்கு ஆகாது. அதான் போகுது" என்றாராம். இன்று மலையில் கொஞ்சம் கீழே ரிங்லெட்டில், தெரிந்த காய்கறித் தோட்டக்காரி வீட்டில் தங்கல். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலையடிவாரத்துத் தாப்பா, அங்கிருந்து ஈப்போ. ஈப்போவில் இப்படிச் சாகப் போகிறவர்கள் படுத்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறதாம். எந்தத் தெரு என்று கடைக்காரருக்கும் தெரியாது.

ரிங்லெட் போகும் கடைசி பஸ் போய்விட்டது. காலையில் இங்கிருந்து பஸ் அங்கே போய்ச் சேருவதற்குள் தாப்பா பஸ் கிளம்பிவிடும். ஈப்போ போய்விட்டால் அவரை எங்கே போய்த் தேடுவேன்? என் பிள்ளைக்காக ஒருத்தி தனியாகப் போய் யாரோ வீட்டில் கிடந்து சாவதா?

தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். விளக்கு வைத்திருந்தார்கள். தேங்காய் இல்லை, பூ இல்லை, வெறும் கையோடு நின்றேன். பிள்ளைக்காக எட்டு வருஷம் அழுத அதே வாசல். அன்றைக்குப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தாயே, அவங்கள மலைய இறங்க விடாத. நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. இறங்க விடாத." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பூசாரி கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லும் வரை சொன்னேன்.

வீடு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் கல்லைக் கொட்டியது போல விடிய விடியப் பெய்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் ஒரே பேச்சு. ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து தாப்பா ரோட்டை மூடிவிட்டது. ஆள் யாருக்கும் சேதமில்லை. ஆனால் ஒரு வண்டியும் இறங்க முடியாது. காய்கறி லோரிக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியைக் கெஞ்சித் தோட்டத்து லோரியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்தில், கோப்பிக் கடை பெஞ்சில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குவான் சே உட்கார்ந்திருந்தார். கொண்டை கூடக் கலையவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ ஏன் வந்தான்? ரோடு ஆட்டம், வயிறு கெட்டுப் போகும். போ."

"நீங்க வந்தாதான் போவேன்."

"நான் வரமாட்டான். பேபி வர்ற வீடு. நான் அங்க செத்தா பேபிக்கு நல்லா இல்ல."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சே, எனக்கு வளைகாப்பு வருது. எனக்கு அம்மா இல்ல. எங்க வழக்கத்துல புருசன் உள்ள சுமங்கலிதான் மொத வளையல் போடணும். நீங்க கல்யாணமே பண்ணாதவங்க. ஊரே பேசும். பேசட்டும். மொத வளையல் உங்க கையாலதான் போட்டுக்குவேன். எங்க வழக்கத்த உங்களுக்காக நான் விடுறேன். உங்க வழக்கத்த எனக்காக நீங்க விடமாட்டீங்களா?"

அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார், வளையல் அளவு எடுப்பது போல. "நீ சாப்பிடல" என்றார். எனக்கு ஒரு ரொட்டி வாங்கித் தின்ன வைத்த பிறகுதான் லோரியில் ஏறினார்.

ரோடு திறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்தில் கால் வீக்கம் வடிந்தது. வளைகாப்பில் முதல் வளையல் அவர்தான் போட்டார். நாத்தனார் ஒருத்தி எழுந்து போய்விட்டாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். மகள் பிறந்தாள். அவளுக்கு முதல் வாய் கஞ்சி ஊட்டியது குவான் சே. அவள் பேசிய முதல் வார்த்தை தமிழா சீனமா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை.

எண்பத்து நாலில் ஒரு காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், என் மடியில் தலை வைத்து. அவர் தைத்து வைத்திருந்த உடுப்பையே உடுத்தினேன். கொண்டையை நானே வாரிப் போட்டேன், எனக்கு அவ்வளவு நேர்த்தியாக வராது. பெற்ற பிள்ளை இல்லாதவருக்கு என் மகள் ஊதுபத்தி பிடித்து முன்னால் நடந்தாள். தன் சாவு எந்த வீட்டுக்கு ஆகாது என்று அவர் பயந்தாரோ அதே வீட்டில், அடுத்த வருஷம் எனக்கு மகன் பிறந்தான்.

அதற்குப் பிறகு நான் யாரையும் வந்தவர், அந்நியர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேண்டுதல் பலிக்குமா என்று சந்தேகப்படுவதுமில்லை. ஆனால் மழை பெய்தால் இன்னும் வாசலைப் பார்க்கிறேன். தலை எண்ணெய் வாசனை வந்தால் திரும்பிப் பார்க்கிறேன். ஏக்கம் போகவில்லை. போக வேண்டாம் என்றே விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் யாராவது கை நழுவிப் போகிறார்களா? வெறும் கையோடு போய் நின்று கேளுங்கள். அழுது கேட்க வெட்கப்படாதீர்கள். மலையையே சரித்துத் தருவாள். எனக்கு ஆறு வருஷம் தந்தாள். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டிருக்கலாமோ என்றுதான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.