தண்ணி கேன் வண்டியில் தீம் பார்க்

நாலேகால் வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரோலர் தேவையா?

சிரிக்காதீர்கள். போன வாரம் எங்கள் வீட்டில் மூன்று நாள் முழுக்க இதுதான் பேச்சு. சாதம் வடிக்கும்போது ஒரு சுற்று, துணி மடிக்கும்போது ஒரு சுற்று, பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு ஒரு சுற்று.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதாக மகள் யாழினிக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். எல்.கே.ஜி. படிக்கிறவள். பார்க்கோ பெரிய இடம். காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரைக்கும் நடைதான். பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி இருந்தால் நல்லது என்றேன் நான்.

வீட்டுக்காரர் செந்தில் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவ கிரிவலம் போன பொண்ணு கவிதா. அவளுக்குப் போய் வண்டியா?”

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். உலகத்தில் எந்தத் தூரத்தைச் சொன்னாலும் அதை வைத்துத்தான் அளப்பார்கள். கிலோமீட்டரெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. இங்கே பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்கள்தான் கணக்கு. டெல்லியில் ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘பெரிசா ஒண்ணும் இல்லீங்க, நம்ம எம லிங்கம் வரைக்கும்தான் வரும்’ என்று கைடிடம் சொன்ன மனிதர் இவர். அந்த கைடு என்ன நினைத்தாரோ...

“எந்த லிங்கம் வரைக்கும் நடந்தா?” என்று கேட்டேன்.

“நடந்தாளே.”

“அதான், எது வரைக்கும்?”

பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டு, “அக்னி லிங்கம்” என்றார். எட்டில் இரண்டாவது. கிளம்பின சூடு ஆறுவதற்குள் வந்துவிடுகிற இடம். அதற்கப்புறம் இவர் தோளில் உட்கார்ந்தாள். பிறகு தோளிலேயே தூங்கினாள். மீதி வழிக்கு ஆட்டோ. கிரிவலம் போனது பொண்ணு இல்லை, இவருடைய தோள்பட்டை. அதுவும் பாதி.

“நடக்க முடியலன்னா நான் தூக்கிக்கிறேன். வண்டி எதுக்கு?” என்றார்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தேன். முதுகுத்தண்டில் ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டது. நடக்கலாம், உட்காரலாம், சமைக்கலாம். ஒன்றே ஒன்றைத்தான் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார் — வெயிட் தூக்கக் கூடாது. “தண்ணிக் குடம், சிலிண்டர், குழந்தை... எதையும் தூக்காதீங்கம்மா.” குடம், சிலிண்டர் வரிசையில் என் பிள்ளையும் போய் நின்றுகொண்டது.

முதல் மாதம் முழுக்கக் கேட்டாள். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் இரண்டு கையையும் உயர்த்தி, ‘தூக்கு’. அம்மாவுக்கு முதுகு வலிடா, நடந்து வா. மாடிப்படியில் ‘தூக்கு’. அப்பாகிட்ட போடா கண்ணு. இப்படியே போனது. அப்புறம் ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால்கூட என்னைத் தாண்டி ஓடிப்போய் அப்பாவிடம் அழுகிறாள். ‘எங்க அம்மா தூக்காத அம்மா’ என்று மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள். கோபமில்லை, வருத்தமில்லை. சும்மா ஒரு தகவல் மாதிரி.

அவள் கேட்டபோது கஷ்டமாக இருந்தது. கேட்காமல் போனபோது அதைவிட ஜாஸ்தி கஷ்டமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள். அப்பா தூக்கிக்கொண்டு போனால் அது அப்பாவும் பொண்ணும் போகிற தீம் பார்க். நான் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் சுமந்துகொண்டு போகிற ஆள். வண்டி இருந்தால்? நான் தள்ளலாம். டாக்டரைக் கேட்டுவிட்டேன், தள்ளலாம் என்றுவிட்டார். ஒரே ஒரு நாள், கால் வலிக்கும்போது என் பிள்ளை என்னிடம் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இதைப் புருஷனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், “வெயில் ஜாஸ்திங்க” என்றேன்.

வண்டி பக்கத்து வீட்டிலேயே இருந்தது. மும்தாஜ் அக்காவின் தங்கை பெங்களூரிலிருந்து வந்தபோது விட்டுப்போனது. அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. வண்டிக்கு மட்டும் ஓய்வில்லை. கேட்டில் இறக்கிவிட்டுப் போகிற தண்ணி கேனை அதில் உட்காரவைத்து, பத்திரமாக பெல்ட் போட்டு, சமையற்கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார் அக்கா.

“எடுத்துட்டுப் போம்மா. ரெண்டு நாளைக்கு கேனை எங்க வீட்டுக்காரரு தூக்கட்டும்” என்று துடைத்துக் கொடுத்தார். “ஆனா ஒண்ணு. முன் சக்கரம் லெஃப்ட்ல கொஞ்சம் இழுக்கும். பாத்துத் தள்ளு.”

சாயங்காலம் எங்கள் வேங்கிக்கால் தெருவில் வெள்ளோட்டம் விட்டேன். தேருக்கு விடுகிற மாதிரி. யாழினியை ஏறச் சொன்னேன்.

“மாட்டேன். அது தண்ணி கேன் வண்டி. நான் என்ன கேனா?”

கிரீம் பிஸ்கெட் பேசி முடித்தபிறகு ஏறினாள். இருபதடி போயிருப்போம். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா துடைப்பத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

“பாப்பாவுக்குக் கால்ல என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான்.”

“மாவுக்கட்டு போட்டாங்களா?”

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கா.”

நம்பவில்லை. அடுத்து கீரைக்காரர். “டாக்டர் என்னம்மா சொல்றாரு?” தெருமுனையில் ஒருவர் தன் பைக்கையே ஓரங்கட்டி நிறுத்தினார். “இங்க வெச்சுப் பாக்காதீங்க. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போயிடுங்க, சரியாயிடும்.” இவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரத் தம்பதிகள் அஞ்சு வயதுப் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். நம்ம பிள்ளைக்கு மட்டும் மாவுக்கட்டு. நம்ம கணக்கில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று நடக்கணும், இல்லை இடுப்பில் இருக்கணும். இரண்டும் இல்லையென்றால் கால் சரியில்லை என்று அர்த்தம்.

யாழினி பெல்ட்டைக் கழற்றி இறங்கி, அந்த மனிதர் முன்னால் நாலு தடவை குதித்துக் காட்டினாள். “என் காலு நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்குத்தான் முதுகு.”

செந்திலுக்கு ஒரே கொண்டாட்டம். “தெருவே தீர்ப்பு சொல்லிடுச்சு பாரு” என்றார். நானும் விடவில்லை. கடைசியில் வந்த சமரசம் — வண்டி வரும். பிள்ளை இஷ்டப்பட்டால் ஏறுவாள். இல்லாவிட்டால் பை ஏறும்.

பைதான் ஏறியது.

காலையில் பார்க்குக்குள் நுழைந்ததிலிருந்து யாழினி நடக்கவில்லை, ஓடினாள். குட்டி ரயில், சுற்றும் கிண்ணங்கள், குழந்தைகள் படகு... இவர் பெருமையாக அவள் பின்னால் ஓடினார். “இதெல்லாம் கூட்டிப் பாத்தா அக்னி லிங்கம்கூடத் தேறாது கவிதா” என்று எனக்கு அவ்வப்போது ரிப்போர்ட் வேறு. நான் இரண்டு பை, ஒரு ஃபிளாஸ்க், கழற்றிப்போட்ட சாக்ஸ் எல்லாவற்றுக்கும் பெல்ட் போட்டு, இடதுபக்கம் இழுக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். எந்த வேலைக்கு வரக்கூடாது என்று நினைத்தேனோ, அதே வேலை. என்ன, இதற்குச் சக்கரம் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் ஓடி, நாலு மணி வாக்கில் அவளுக்குக் கால் துவண்டது. நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். நான் அவசர அவசரமாகப் பைகளை இறக்கி, சீட்டைத் தட்டிவிட்டு, “வாடா, உக்காரு” என்றேன். அதே நேரத்தில் இவர், “வா, அப்பா தூக்கிக்கிறேன்” என்றார். பாவம், அவருக்கு என் மனசு எப்படித் தெரியும்?

யாழினி வண்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவிடம் போனாள்.

இறக்கின பைகளை மறுபடி வண்டியில் ஏற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்திரிகையில் நான் எழுதிய ஒரு பத்திக்கு நாற்பது வாசகர்கள் ஒரே நாளில் திட்டி எழுதியபோதுகூட அழாதவள் நான். ஒரு தள்ளுவண்டிக்கு அழுதேன்.

இவர் பார்த்துவிட்டார். “என்னாச்சு கவிதா?”

“ஒண்ணும் இல்ல. வெயில்.”

“நெழல்லதானே நிக்கிறோம்?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். தூக்காத அம்மா, வேன், முட்டிச் சிராய்ப்பு, எல்லாம். அதற்குள் தோளிலேயே தூங்கிவிட்ட யாழினியை மெதுவாக வண்டியில் கிடத்தி, பைகளை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “நீ தள்ளு. நான் அந்தப் பெரிய ராட்சச ராட்டினத்துல ஒரு தடவ போயிட்டு வரேன். க்யூ பெரிசு. மெதுவாத்தான் வருவேன்” என்றார்.

அவருக்கு ராட்டினம் என்றாலே தலை சுற்றும். பதினாலு வருஷமாக எனக்குத் தெரியும்.

அரை மணிக்கு மேல் மரத்தடிப் பாதையில் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, வியர்வையில் முடி நெற்றியில் ஒட்ட, தூங்கிக்கொண்டே வந்தாள். மனசு நிறைந்திருந்தது. சக்கரம் இழுத்தது, நான் திருத்தினேன், இழுத்தது, திருத்தினேன். ஆக, ஸ்ட்ரோலர் தேவைதான் என்று இந்தப் பத்தியை அங்கேயே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அப்போதுதான் டிரம்ஸ் சத்தம் கேட்டது.

சாயங்கால ஊர்வலம். பொம்மை வேஷக்காரர்கள், விளக்கு வண்டிகள், ஆட்டம் பாட்டம். கூட்டம் எங்கிருந்தோ ஓடிவந்து, ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றருகே நின்றுகொண்டது. யாழினி விழித்துவிட்டாள். வண்டியில் உட்கார்ந்தபடி எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் பேன்ட்டும் சுடிதாரும் முழங்காலும்தான்.

தூக்கக் கலக்கத்தில் இரண்டு கையையும் என்னிடம் உயர்த்தினாள்.

“ம்மா, தூக்கு.”

எத்தனை மாதத்துக்கு அப்புறம்! என் கை தன்னால் அவளிடம் போனது. அதற்குள் அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

“பரவால்லம்மா. அப்பா வரட்டும்.”

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. சின்ன வயதில் தேர் பார்க்கக் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கு வருவோம். ரதம் திரும்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே மாட வீதியோரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவோம். யாராலும் எங்களை எழுப்பவே முடியாது. நின்றுகொண்டு பார்க்கிறவர்கள் எல்லாம் தாமதமாக வந்தவர்கள். அதெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவினேன். “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம்...” என்று, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, இறங்கின யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு கயிறு வரைக்கும் நுழைந்துவிட்டேன். துப்பட்டாவைத் தரையில் விரித்தேன். மெதுவாக, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு கையை ஊன்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“வா” என்றேன்.

மடியில் வந்து உட்கார்ந்தாள். முன்னால் ஒருத்தரும் இல்லை. முழு ரோடும் எங்களுக்கு.

செக்யூரிட்டி ஓடிவந்தார். “மேடம், கீழ உக்காரக் கூடாதுங்க.”

“கயித்துக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கேன்?”

கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். பின்னால் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு அம்மா குனிந்து கேட்டார். “நீங்க திருவண்ணாமலையா?”

“எப்பிடிங்க கண்டுபிடிச்சீங்க?”

“விரிச்சு உக்காந்தீங்களே. நாங்களும் அந்தப் பக்கந்தான், போளூருங்க.” பேச்சோடு பேச்சாக அவரும் உட்கார்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் உட்கார்ந்தன. பக்கத்தில் ஒரு வயதானவர் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் அந்த வரிசை முழுக்கத் தரையில். பின்னால் நின்றவர்களுக்கும் இப்போது நன்றாகத் தெரிந்தது.

பெரிய கரடி வேஷம் கையை ஆட்டிக்கொண்டு போனது. யாழினி என் இரண்டு கையையும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஐந்து மாதமாக அவளுடைய முழு பாரத்தையும் நான் உணரவே இல்லை. கொஞ்சம் ஜாஸ்தியாகியிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து இவர் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்று, பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். “வாடா, அப்பா தூக்கிக் காட்டுறேன்.”

யாழினி திரும்பக்கூட இல்லை.

“உக்காருப்பா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.”