வேர்க்காத பிள்ளைக்கு ஒரு மின்விசிறி

வியாழன், காலை 7.20. வில்லியனூரில் பேருந்து ஏறினேன். நெட்டப்பாக்கம் வரை பதினைந்து ரூபாய். ஜூலை பாதி தாண்டியும் வெயில் குறையவில்லை. அந்த நேரத்துக்கே ஜன்னல் கம்பி சுட்டது. இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் புதுச்சேரி. கடைப் பலகைகளில் முகவரியைப் படித்தால்தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியும். இரண்டு பக்கமும் கரும்பு ஒரே மாதிரி நிற்கிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிக் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்த மானியம் தரும் திட்டம் ஒன்று உண்டு. விண்ணப்பித்த பள்ளிக்கு முதலில் ஒருவர் போய்க் கூரையை அளந்து, நிழல் விழுகிறதா, தளம் பாரம் தாங்குமா, மீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் அதைச் செய்பவள் நான். ஒரு பள்ளிக்கு ஒரு முறைதான் போவேன். தகடு கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் வேறு ஆட்கள். அப்போது நான்கு மாதமாக வில்லியனூரில் விடுதி அறை. பாகூர்ப் பக்கம், ஒதியம்பட்டு, ஏம்பலம் என்று தினம் ஒரு மொட்டை மாடி. உறையூரில் அம்மா இருந்தவரை ஒவ்வொரு பேருந்திலிருந்தும் அவருக்குப் போன் செய்வேன். அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு பேருந்தில் ஏறினால் டிக்கெட் கேட்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

8.15. நெட்டப்பாக்கத்தில் ஆட்டோ. பண்டசோழநல்லூரைத் தாண்டிப் போக வேண்டும் என்றேன். "அந்தச் சின்ன இஸ்கூலா? அம்பது ரூபா குடுங்க" என்றார் ஓட்டுநர். பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு, பதினான்கு பிள்ளைகள், ஒரே ஆசிரியை. அவர் பெயர் ஆரோக்கியமேரி. ஐம்பதைத் தொட்டிருப்பார். என்னைப் பார்த்ததும் சாக்பீஸ் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன் மேடம். மூணு தடவ எழுதிப் போட்டேன்" என்றார்.

ஏணி வைத்து மேலே ஏறினேன். தளம் நன்றாக இருந்தது. வேப்பமர நிழல் ஒரு மூலையில் மட்டும். தெற்குப் பக்கம் மறைப்பு இல்லை. மனசுக்குள் "தேறியது" என்று எழுதிவிட்டேன்.

10.50. மின்சாரம் போயிற்று.

கீழே வகுப்பில் நாற்காலிகள் நகரும் சத்தம். இறங்கி வந்து பார்த்தேன். பிள்ளைகள் யாரும் கூச்சல் போடவில்லை. தர்ஷினி என்ற சிறுமி குவளையை எடுத்துக்கொண்டு கைப்பம்புக்கு ஓடினாள். இன்னொரு பிள்ளை துண்டை எடுத்துக் கொடுத்தது. ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணின் தலையிலும் கழுத்திலும் நனைத்த துண்டைப் போட்டார்கள். முடி அடர்த்தி இல்லாத பெண். கன்னம் இரண்டும் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. அவள் பென்சிலை விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாழினிக்கு வேர்வையே வராது மேடம்" என்றார் டீச்சர் தணிந்த குரலில். "பொறந்ததுலேருந்தே அப்டி. நம்மளுக்கு வேர்த்தா ஒடம்பு ஆறுது இல்ல, இவுளுக்கு ஆறாது. சூடு ஏறிக்கினே போவும். பெரிய ஆஸ்பத்திரியில, எப்பவும் குளிர்ச்சியா வச்சுக்கோங்கன்னுதான் சொன்னாங்க. போன மாசம் கரண்டு இல்லாம ரெண்டு மணி நேரம். மயக்கம் போட்டுட்டா. திங்கக்கெழமையிலேருந்து அனுப்ப மாட்டேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"எப்ப மேடம் மாட்டுவாங்க? கரண்டு போனாலும் ஃபேன் ஓடும் இல்ல?"

இந்தக் கேள்வியை எல்லாப் பள்ளியிலும் கேட்பார்கள். வழக்கமாகப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே பதில் சொல்லிவிடுவேன். அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை.

"ஓடாது டீச்சர்" என்றேன். "இது லைனோட சேர்ந்த சோலார். பகல்ல கரண்டு எடுத்து உங்க பில்லைக் குறைக்கும். மிச்சம் இருந்தா லைனுக்குப் போகும். லைன்ல கரண்டு நின்னா இதுவும் தானா நின்னுடும். கம்பத்துல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிச்சுடக் கூடாதுன்னு அப்படி. பேட்டரி வச்சா ஓடும். ஆனா மானியத்துல பேட்டரி சேராது."

"இன்னா மேடம் சொல்றீங்க? வெயில் மேல காயும், தகடும் மேல இருக்கும், ஃபேன் மட்டும் நிக்குமா?"

"ஆமாம்."

அவர் திரும்பிப் போய்க் கரும்பலகையில் பாதியில் விட்ட கணக்கை எழுதத் தொடங்கினார். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு எண்ணை எழுதி அழித்து, மறுபடி அதையே எழுதினார்.

எனக்கு அந்த ஊரில் இனி வேலை இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கலாம். வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், "டீச்சர், ஸ்கூலுக்கு வர்றது வேற, இந்தப் பொண்ணுக்கு வேண்டியது வேற. இவளுக்கு ஒரு சின்னத் தகடு, ஒரு பேட்டரி, அதுல ஓடற ஒரு மேஜை ஃபேன் போதும். வில்லியனூர்லயே கிடைக்கும். நானே மாட்டித் தர்றேன்" என்றேன்.

"உங்களுக்கு இது வேல இல்லியே மேடம்."

"இல்லைதான்."

என் காசில் வாங்கி வருவதாகச் சொன்னதற்கு, "அப்ப எடுத்துனு வராதீங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே போனில் பணம் அனுப்பினார்.

வெள்ளி, காலை 7.20. அதே பேருந்து. மடியில் ஃபேன், காலடியில் பேட்டரி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போர்வை சுற்றிய தகடு. லக்கேஜுக்குப் பத்து ரூபாய் அதிகம். ஏம்பலத்தில் ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "டி.வி.யா?" என்று கேட்டார். இல்லை, சோலார் என்றேன். "வூட்டுக்கா?" என்றார். ஏனோ, "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

9.00. தகட்டைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துக் கட்டினேன். படித்தது இந்தப் படிப்புதான் என்றாலும், என் கையால் ஒரு ஆணி அடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சுத்தியல் இரண்டு முறை விரலில் விழுந்தது. ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, பேட்டரியைப் பிள்ளைகளுக்கு எட்டாத பலகையில் வைத்து முடிக்கப் பத்தரை ஆனது. ஃபேன் யாழினிக்கு எதிரே. சுவிட்சைப் போட்டதும் அவளுடைய நோட்டுப் பக்கங்கள் படபடவென்று புரண்டன. அவள் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

12.20. சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் போயிற்று. மேலே பெரிய விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன. வழக்கம்போலத் தர்ஷினி குவளையோடு ஓடினாள். துண்டை நனைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

யாழினி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "சும்மா போடுடி" என்று தலையைக் குனிந்து காட்டினாள்.

அந்த நேரம் யாழினியின் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். களையெடுப்பிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கால் முழுக்கச் சேறு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஃபேனுக்கு முன்னால் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதே கையை மகளின் நெற்றியில் வைத்தார்.

"புது நோட்டு வாங்கணும்னியே, எத்தினி பக்கம்?" என்றார்.

"நூத்தி அறுவது" என்றாள் யாழினி.

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கும் தட்டு போட்டார். வில்லியனூர் வந்தபிறகு இன்னொருவர் பரிமாறி நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

2.10. புறப்பட்டேன். படிவத்தில் "கூரை தகுதியானது" என்று எழுதினேன். குறிப்புப் பகுதியில், இந்தப் பள்ளிக்குப் பேட்டரியும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். மானியம் வந்தது, பேட்டரி வரவில்லை என்று நான்கு மாதம் கழித்து டீச்சர் செய்தி அனுப்பினார். கூரை நிறையத் தகடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் நான் கட்டிய சின்னத் தகடு, எல்லாம் அவர் அனுப்பிய படத்தில் தெரிந்தன. அப்போது நான் காரைக்காலில் வேறொரு மாடியில் நின்றிருந்தேன்.

அன்று பேருந்து வர ஐம்பது நிமிடம் ஆனது. நிறுத்தத்தில் நான் மட்டும்தான். அம்மா இருந்த உறையூர் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே நல்ல இன்வெர்ட்டர் இருக்கிறது, நானே பார்த்து வாங்கியது. மின்சாரம் போனதும் வந்ததும் தெரியாது. விசிறி ஒரு சுற்றுக்கூடக் குறையாது. யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. இத்தனை நாளும் அதைப் பெரிய வசதி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.