தொட்டி நீரில் வந்த கட்டி

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் தவசிமுத்து வண்ணமீன் கடை வைத்துப் பதினோரு வருடமாகிறது. அப்பாவின் மளிகை வியாபாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. நாற்பது தொட்டிகளையும் வெறுங்கையாலேயே தேய்த்துக் கழுவுவார்.

தை மாதத்தில் ஒருநாள் கண்ணாடி விளிம்பு அவர் நடுவிரலைக் கிழித்தது. காயம் ஆறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி. பிறகு புறங்கையில், மணிக்கட்டில், முழங்கைக்குக் கீழே என்று கட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. இரண்டு டாக்டர்கள் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பங்குனிவரை ஒன்றும் வற்றவில்லை.

"தொழுநோயா இருக்கும்டா" என்று யாரோ கடை வாசலில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய். ஆறு வயது மகளைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை. மனைவி ரெஜினா சண்டை போட்டு, அவரை ராயபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தொழுநோய் இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஆய்வகத்தில் அந்தச் சதையை வைத்து வளர்த்துப் பார்த்தும் கிருமி எதுவும் வளரவில்லை. முடிவை வாங்கப் போனபோது ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மெஹ்னாஸ் அவர் கையையே பார்த்தாள். தண்டையார்பேட்டைப் பெண்.

"அண்ணே, நீங்க இன்னா வேல பாக்கறீங்க?"

"மீன் கடைம்மா. தொட்டில வளக்குற கலர் மீனு."

"இத டாக்டராண்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியேம்மா."

அவள் அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சங்கமித்ராவிடம் ஓடினாள்.

டாக்டர் வந்து விளக்கினார். "மீன் தொட்டியில இருக்கிற ஒரு கிருமியா இருக்கலாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனா மனுஷனுக்கு வர்றது அபூர்வம். உடம்புச் சூட்டுல வெச்சா சரியா வளராது. கொஞ்சம் குளிர்ச்சியா வெச்சுப் பாக்கணும்."

மறுபடியும் சதை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் மெஹ்னாஸ் போன் செய்தாள். "வளந்துடுச்சுண்ணே! டாக்டர் நெனச்சதேதான். கெளம்பி வாங்க."

"மருந்து இருக்கு. நாலஞ்சு மாசம் விடாம சாப்பிடணும். கை பழையபடி ஆயிடும்" என்றார் டாக்டர்.

"தொட்டா ஒட்டிக்குமா மேடம்?"

"ஒட்டாது."

"கொழந்தைக்கு?"

"யாருக்குமே ஒட்டாதுங்க."

தவசிமுத்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். அன்று இரவு வீட்டில் மகளோடு மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

புரட்டாசியில் கட்டிகள் வற்றித் தழும்பாயின. இப்போது முழங்கைவரை ரப்பர் கையுறை போடாமல் அவர் தொட்டிக்குள் கையை விடுவதில்லை.

"இன்னா மாமு, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்று வாடிக்கையாளர் வல்லரசு சிரித்தான்.

"உனக்கும் ஒரு ஜோடி வெச்சிருக்கேன். வூட்ல தொட்டி கழுவும்போது போட்டுக்கோ" என்று மீன் பையோடு சேர்த்துக் கொடுத்தார்.