மடியில் ஒரு அட்டை முட்டை

லீவுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகள் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து சொல்லிவிட்டாள். நான் கவுன்சிலிங் போனால்தான் வருவாளாம். அதை என்னிடம் நேராகச் சொல்லக்கூட அவளுக்குத் தைரியமில்லை, அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கென்ன பைத்தியமா என்று நான் கத்தினேன். மனைவி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு கவுன்சிலர் அம்மாவின் விலாசத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போக வேண்டிய நாளும் வந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன் நான். சேலத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பங்காளியோ மச்சானோ நிற்பான். வண்டியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். கையில் ஒரு அட்டை முட்டை, முப்பது இருக்கும். முதல் தடவை ஒருவர் வாசலை மிதிக்கும்போது கையை வீசிக்கொண்டு போய் எங்களுக்குப் பழக்கமில்லை. வழியில் ஒரு பெண் கேட்டைத் திறந்து, முட்டை என்ன விலை என்று கேட்டார். யார் கண்ணிலும் படாமல் வந்தவனின் லட்சணம் அது!

கவுன்சிலருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். உட்கார்ந்ததும் அட்டையை நீட்டினேன். இங்கே யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வேறு இடமாக இருந்தால் அப்போதே கிளம்பியிருப்பேன். ஆனால் மடி நிறைய முட்டையை வைத்துக்கொண்டு விசுக்கென்று எழுந்திருக்க முடியுமா?

பயத்தை மறைக்க நானே கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எந்த ஊர், யார் வீடு, ஆட்டையாம்பட்டியில் யாரையாவது தெரியுமா என்று பெண் பார்க்கப் போனவன் போல விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இங்க பேசறது வெளிய போகாதுங்க. இன்னைக்குச் சொல்லப் பிடிக்காததைச் சொல்லவே வேண்டாம்" என்றார்.

தூக்கம் வரவில்லை, பிரஷர் இருக்கிறது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் தலையாட்டிவிட்டு அமைதியாக இருந்தார். எதிர்த்துப் பேசினால் பதிலுக்குக் கத்தலாம். சும்மா இருக்கிற ஆளிடம் என்ன செய்வது?

"நான் ஊட்டுக்கு வார வண்டிச் சத்தம் கேட்டா, எம்புள்ள டிவிய அமத்திப்போட்டு உள்ள போயித் தாப்பாப் போட்டுக்குதுங்க" என்றேன்.

என் சத்தம் கேட்டால் வீடே கப்சிப் என்று பங்காளிகளிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன். அதே விஷயம்தான். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.