தையல் கடையில் எனக்கு மட்டும் சித்திரை

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் டேப் மட்டும்தான் பொய் சொல்லாது. அளவு கொடுக்கிறவளும் அளவு எடுக்கிறவளும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வோம்.

கம்பத்தில் கடைவீதியை ஒட்டின சந்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, மற்றதெல்லாம் மிஷினில் கற்றதுதான். என் இரண்டு பிள்ளைகளையும் அந்த மிஷின்தான் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பியது. துணியை வெட்டுவதற்கு முன் அதன் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தக் கையைக் காத்துக்கொள்ளும்" என்று ஒரு சின்ன ஜெபம் பண்ணுவேன். தைத்ததைப் பிரித்துவிடலாம், வெட்டினதை ஒட்ட முடியாது பாருங்கள். நாற்பத்தெட்டு வயது வரை அந்த ஜெபம் போதுமானதாக இருந்தது. போன வருடம்தான் கடையையே மூடிவிடலாம் என்று முடிவு பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டேன். அந்த வயதைத் தாண்டினவர்களும் தாண்டிக்கொண்டிருக்கிறவர்களுமான சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது வரவில்லை.

இரண்டும் இடது கை

முதலில் கெட்டது தூக்கம். படுத்த கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து தண்ணீர் ஊற்றினது போல் வேர்க்கும். எழுந்து உட்கார்ந்தால் குளிரும். விடிந்து கடைக்கு வந்தால் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல் இருக்கும். சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சாக்கட்டியைத் தேடுவேன்.

ராணி டீச்சர் பார்டர் வைத்த துணி கொடுத்திருந்தார். கையில் பார்டர் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு கையாகத்தான் வெட்ட வேண்டும், இரண்டாவதைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். நான் திருப்பவில்லை. உடம்போடு கையைச் சேர்க்கும்போதுதான் தெரிந்தது, இரண்டும் இடது கை. மறுபடி வெட்ட ஒரு சாண் துணிகூட மிச்சமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் பண்ணாத தப்பு அது. டீச்சர் வந்ததும் இரண்டு கைகளையும் மேஜையில் பரப்பிக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் இடது கைன்னா, நான் எந்தக் கையால போர்டுல எழுதுறது கிரேசு?"

ஃபேன்

என்னோடு கடையில் இருப்பவள் மும்தாஜ். ஹூக்கு கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவள் வேலை. முப்பது வயது, ஒல்லியான உடம்பு. கடையில் இருப்பது ஒரே ஒரு ஃபேன்.

மலைக்காற்று இறங்கி ஊரே ஸ்வெட்டர் தேடுகிற மாதத்தில் எனக்கு நெஞ்சிலிருந்து காது மடல் வரை தீ ஏறும். ஓடிப் போய் ஃபேனைக் கடைசி வரைக்கும் திருப்புவேன். வெட்டுத் துணியெல்லாம் பறக்கும், கடை முழுக்க நூல் ஓடும். கொஞ்ச நேரத்தில் தீ அணைந்து உடம்பு சில்லிட்டுப்போகும். நிறுத்துவேன். மறுபடி போடுவேன். அந்தப் பெண் மறுநாள் வீட்டிலிருந்து கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி பிடித்த விரல் மட்டும் வெளியே தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "என்னம்மா, ரொம்பக் குளுருதா?" என்றேன்.

"ஒரே ரூமுக்குள்ள உங்களுக்குச் சித்திரை, எனக்கு மார்கழி. நடுவுல ஒரு ஸ்கிரீனு கட்டிருவமாக்கா?"

எந்தக் கால்?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதியும் பயனில்லை.

மாதாமாதம் வருவது நாள் தப்பி வந்தது. பிறகு வந்தால் நிற்க மறுத்தது. பத்து நாள், பன்னிரண்டு நாள். ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளிர் நிறச் சேலைகளை எல்லாம் பீரோவில் அடுக்கிவிட்டேன். எங்கள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறன்று பெண்கள் வெள்ளைச் சேலை கட்டிப் போவோம். வெள்ளைச் சேலையை நினைத்தாலே பயம். இரண்டு மாதம் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் திருவிருந்தைத் தவறவிட்டதே கிடையாது. எனக்கு வந்திருப்பது கெட்ட வியாதி, கர்ப்பப்பையில் புற்று என்றே நினைத்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் விடிவதற்கு முன்னே குமுளிக்குக் கிளம்பிவிடுவார், அவருக்கு மலைப்பாதையில் கவனம் சிதறக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

சபைக்கு வராதது ஏன் என்று போதகரம்மா ஒருநாள் போனில் கேட்டபோது கால் வலி என்று சொல்லிவிட்டேன். பொய்தான். இரண்டு வாரம் கழித்து ஜாக்கெட் வாங்கக் கடைக்கே வந்தார். பாவாடைத் துணியைத் தேடி நான் விறுவிறுவென்று ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"ஸ்தோத்திரம்! உங்க காலுக்காகச் சபையே எழும்பி நின்னு ஜெபம் பண்ணுச்சு. வலிச்சது எந்தக் காலும்மா?"

கிரேசு வரவில்லை

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பஞ்சவர்ணம் என் பழைய வாடிக்கை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை பார்க்க வேண்டும். ஆகவே அவளுக்கு மட்டும் கக்கத்தில் ஒரு விரல் அதிகமாக இளக்கி வெட்டுவேன். யாரும் சொல்லாமலே என் கை செய்கிற வேலை அது. அந்தத் தடவை மறந்துவிட்டேன்.

"கையத் தூக்க முடியலை கிரேசு, பிடிக்குது" என்று கொண்டுவந்தாள். அவள் ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் என்னவோ வெடித்தது. "அப்பக் கையத் தூக்காம வேலையப் பாரு!" என்று கத்திவிட்டேன். பந்தலுக்குக் கீழே வேலை பார்க்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது? தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் வயதுதான் பஞ்சவர்ணத்துக்கும். ஜாக்கெட்டை மேஜையில் வைத்தாள் போலிருக்கிறது. பிறகு மும்தாஜிடம் சொன்னாள்:

"இன்னைக்குக் கிரேசு கடைக்கு வரலை போல. நாளைக்கு வாரேன், அவ வந்தாச் சரிபண்ணி வைக்கச் சொல்லு ஆத்தா."

பச்சை ஜாக்கெட்

ஈஸ்வரி மதினிக்கு ஊரெல்லையில் தென்னந்தோப்பு. உறவில்லை, ஆனாலும் நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அளவு ஜாக்கெட் ஒரு பச்சை ஜாக்கெட். மகள் சடங்குக்கு நான் தைத்தது, பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பையில் அதைச் சுற்றிக் கொண்டுவந்து, "இதே அளவுதான். இம்மி மாறலை" என்பார்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். மாறியிருக்கும். எல்லோருக்கும் மாறும். நான் பச்சை ஜாக்கெட்டைத் துணி மேல் வைத்து அதைச் சுற்றிக் கோடு போடும்போது, வருடத்துக்கு வருடம் பக்கத்துக்குக் கால் இஞ்ச், அரை இஞ்ச் கூட்டிப் போட்டுவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. ஜாக்கெட் சரியாக இருக்கும், மதினி முகமும் மலர்ந்திருக்கும்.

அந்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்க, மதினி பட்டுத் துணியும் பச்சை ஜாக்கெட்டும் கொடுத்தார். இதோடு மிஷினை மூடிவிடுவது என்று நான் அதற்குள் முடிவு பண்ணியிருந்தேன். "ஆண்டவரே, இந்த ஒன்றை மட்டும் கெடுக்காமல் தைத்துவிடுகிறேன், அப்புறம் யார் துணியையும் தொட மாட்டேன்" என்று ஜெபித்தேன். கோடு போட்டு முடித்து, கையை வைத்துக் கண்ணை மூடினேன். நடு ஜெபத்தில் தீ ஏறியது. எழுந்து ஃபேனைத் திருப்பிவிட்டு வந்து, ஆமென் சொல்லிக் கத்தரியை எடுத்தேன்.

இரண்டு மடிப்புத் துணியில் கத்தரி ஓடுகிற சத்தம் வேறு, அதற்கு மேல் மடிப்பு சேர்ந்தால் வேறு. அன்றைக்குச் சத்தம் கனமாகக் கேட்டது. காதில் விழுந்தும் கை நிற்கவில்லை. நின்றபோது பச்சை ஜாக்கெட் தோளிலிருந்து கக்கம் வரை இரண்டாகக் கிடந்தது. வெட்டுவதற்கு முன் அளவு ஜாக்கெட்டை எடுத்துவிட வேண்டும், இது தொழிலில் முதல் பாடம். நான் எடுக்கவில்லை, ஃபேன் காற்று அதை நகர்த்திக் கோட்டின் மேல் போட்டிருக்கிறது. அடியில் இருந்த பட்டில் வெட்டு கோட்டோடுதான் போயிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தத் தடவை எவ்வளவு கூட்டிக் கோடு போட்டேன் என்பது என் நினைவில் இல்லை. அளவு பார்க்கப் பச்சை ஜாக்கெட்டும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள்:

"அழாதீகக்கா. வெட்டுனது தெரியாம நான் கையாலயே தச்சிருவேன். ஆனா உங்க மூஞ்சியத்தான் என்னால ஒட்டுப் போட முடியாது."

டேப் சொன்னது

மறைக்க மனம் வரவில்லை. மதினியை வரச் சொன்னேன். வெட்டுப்பட்டதைக் காட்டினேன். "உங்களை டேப் வைத்துத்தான் அளக்கணும் மதினி" என்றேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு அளந்தேன். பச்சை ஜாக்கெட்டில் முப்பத்திநாலாக இருந்தது, டேப்பில் முப்பத்தொன்பதுக்கு வந்து நின்றது.

மதினி டேப்பையே பார்த்தார். "அப்ப இத்தனை வருசமும்?" என்றார். கூட்டிக் கூட்டித் தைத்த கதையைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு துணியை எடுத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீட்டுல எல்லாரும் ஊதிட்டேன்னு சொன்னாக. உன் ஜாக்கெட் ஒண்ணுதான் இல்லைன்னுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு மாசாமாசம் வாரது நின்னு ரெண்டு வருசமாச்சு கிரேசு. அந்தச் சமயம் நான் பட்ட பாடு, யார்ட்டச் சொல்ல?"

அவர் அதைச் சொன்னதுதான் தாமதம், நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிற்காத உதிரப்போக்கு, வெள்ளைச் சேலை, கால் வலிப் பொய், கெட்ட வியாதி என்கிற பயம், கடையை மூடுகிற முடிவு. மும்தாஜ் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். மதினி என் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டி மேஜையில் வைத்தார்.

"நேரா நில்லு, மூச்சை விடு, கையத் தூக்குன்னு ஊரையே அளந்த. உன்னைய யாருடி அளந்தா? காலையில முத பஸ்ஸுக்குக் கிளம்பு."

தேனி பஸ்

மகள் கல்யாணத்துக்கு ஏழு நாள்தான். பாதிப் பத்திரிகை இன்னும் கொடுக்காமல் கிடந்தது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மதினி என்னோடு தேனிக்கு, ஒரு பெண் டாக்டரிடம் வந்தார். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே இரண்டு பேருக்குப் பத்திரிகையும் வைத்துவிட்டார்.

ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். கெட்ட வியாதி எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, அதற்கு மாத்திரை, உதிரப்போக்குக்கும் மாத்திரை. மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் சில வருடம் உடம்பு இப்படிக் குழம்பும், தூக்கம் போனால் மறதியும் வரும் கோபமும் வரும், இத்தனை நாள் ஏன் வராமல் இருந்தீர்கள் என்று அதட்டினார். அந்த அதட்டலைப் போல இதமான சொல்லை நான் அந்த வருடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது சின்னமனூர் வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சாமிக்கு நன்றி சொன்னது போதும், இந்தா போனு. வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லு."

இப்போது

சொன்னேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கேட்டுவிட்டு, "என்ட்டச் சொல்லக் கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் சாயங்காலம் ஒரு சின்ன மேஜை ஃபேனைக் கொண்டுவந்து, காற்று எனக்கு மட்டும் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். மும்தாஜ் சால்வையை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மதினியின் ஜாக்கெட் முப்பத்தொன்பதுக்குத் தைத்து, உள்ளே ஒரு இஞ்ச் துணியும் விட்டிருந்தேன். இந்தத் தடவை சொல்லிவிட்டே விட்டேன். பஞ்சவர்ணத்திடம் மன்னிப்புக் கேட்டுக் கக்கத்தை இளக்கிக் கொடுத்தேன். திருவிருந்துக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போனேன். போதகரம்மாவிடம் கால் விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன். சிரித்துவிட்டு, தனக்கும் உடம்பு இப்படித்தான் படுத்துகிறது என்றார்.

தீ இன்னும் ஏறத்தான் செய்கிறது. சில நாள் சாக்கட்டியைத் தேடத்தான் செய்கிறேன். கடையை மூடவில்லை. வெட்டுகிற வேலையைக் காலையில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். நான் கோடு போட்டு முடித்ததும் மும்தாஜ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து நிற்பாள், அளவு ஜாக்கெட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்வாள்.

"நீங்க கண்ண மூடிக்கங்கக்கா. நான் தொறந்து வச்சிருக்கேன்."

ஐம்பதை நெருங்கி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் சகோதரிகளே: ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடலாம், ஆனால் ஆமென் சொன்னதும் துணி மேல் என்ன கிடக்கிறது என்று ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும்.