இன்னொரு சக்கரம் எங்கே?

குலுக்கலில் எனக்கு எதுவும் விழுந்ததில்லை. கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு இருபது வருடங்களாகப் போகிறேன். ஒரு தண்ணீர்ப் போத்தல்கூடக் கிடைத்ததில்லை. ஆகவே போன தடவை மேடையில் ஓர் எண்ணை வாசித்து, "பாசிகால்!" என்று கத்தியபோது, அது பக்கத்து மேசைக்காரருக்கு என்று நினைத்து நானும் கைதட்டினேன். பாசிகால் என்றால் சைக்கிள். பெட்டி கொஞ்சம் சிறியதாகத்தான் இருந்தது. இப்போது மடக்கு சைக்கிள்கள்தானே வருகின்றன என்று சந்தோஷமாகக் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு லூனாஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்தேன். ஒரு சக்கரம், ஓர் இருக்கை, இரண்டு மிதிகள். அட்டையைக் கவிழ்த்து உதறினேன். ஒரு ஸ்பானர் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. பரிசுகளுக்குப் பொறுப்பாக இருந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு உடனே போன் போட்டு, ஒரு சக்கரத்தைக் காணோம், கைப்பிடி இல்லை, சங்கிலி இல்லை, இதெல்லாம் ஒரு பரிசா என்று பொரிந்து தள்ளினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெமாங் சத்து ரோடா, அண்ணே," என்றாள். அதற்கு இருப்பதே ஒரு சக்கரம்தானாம்.

நான் போனை வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனது, தலைசுற்றல் போகவில்லை. காதுக்குள் இருக்கும் நரம்பு ஒன்று கெட்டுவிட்டது என்றார்கள். ஒருநாள் காலைச் சந்தையில், அத்தனை பேருக்கு நடுவில், கீரைக்கட்டோடு விழுந்துவிட்டாள். அடி பெரிதில்லை, அவமானம்தான் பெரிது. அதன்பிறகு சுவரையோ மேசையையோ என் கையையோ பிடிக்காமல் அவள் ஓர் அடி வைக்கவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொன்னது இரண்டே வாக்கியம்: "புவான் கெனா ஜாலான். ஜாங்கான் பெகாங்." நடக்க வேண்டும், எதையும் பிடிக்கக் கூடாது. நரம்பு திரும்பி வராது, ஆனால் நடக்க நடக்க மூளை பழகிக்கொள்ளும், நடக்காவிட்டால் இப்படியேதான் என்றும் விளக்கினார். இவள் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் கெஞ்சியிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன். கத்தியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றுதான், "ஏறிக் காட்டவா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? அம்பத்து நாலு வயசுல? சும்மா இருங்க லா," என்றாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பொது மண்டபமும் அதை ஒட்டி ஒரு பூப்பந்துத் திடலும் இருக்கின்றன. திடலின் ஒரு பக்கம் மட்டும் கம்பி வேலி. வேலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருக்கையில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சக்கரம் முன்னால் ஓடியது, நான் பின்னால் உட்கார்ந்தேன், சிமெண்டுத் தரையில். மறுபடி ஏறியபோது சக்கரம் பின்னால் ஓடி, மிதி என் முழங்கால் எலும்பைப் பதம் பார்த்தது. திடல் மூலையில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "அண்ணே, சத்து ரோடா லாகி மானா?" என்று கேட்டார். இன்னொரு சக்கரம் எங்கே என்று. அதன்பிறகு அந்தத் தாமான் குடியிருப்பில் என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் இதையே கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

எங்கள் சன்னலிலிருந்து திடல் தெரியும். நான் விழும் ஒவ்வொரு தடவையும் அங்கேயிருந்து சிரிப்பு வந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் போய் விழுந்தேன்.

மூன்று வாரத்தில் வேலியைப் பிடித்தபடி அரைச் சுற்று, அரைச் சுற்றாக மிதிக்க வந்தது. ஜொகூரில் வேலை செய்யும் எங்கள் மகள் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, கம்பியப் பிடிச்சா கம்பி பக்கமே சாய்வீங்க. ஒரு ஆளோட தோளைப் பிடிங்க. அப்புறம் கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க. மெதுவாவும் போகாதீங்க, மெதுவாப் போனாத்தான் விழும்," என்றாள். தோளுக்கு நான் எங்கே போவேன்? நாசி லெமாக் அக்காவுக்கு வியாபாரம் இருந்தது.

பிறகு இந்தக் கதையைக் கேட்டவர்கள், மனைவியை நடக்க வைக்க நான் போட்ட திட்டம் என்று புகழ்ந்தார்கள். அப்படி ஒரு மூளை எனக்குக் கிடையாது. எனக்குத் தோள் தேவைப்பட்டது, மனைவியைக் கேட்டேன், அவ்வளவுதான்.

"நானே ஆடிக்கிட்டு இருக்கேன், ஒங்களை எப்படிங்க பிடிக்கிறது?" என்றாள்.

"நீ பிடிக்க வேணாம். நான்தானே ஒன்னைப் பிடிக்கப் போறேன்."

செருப்பைக் காட்டி, "அத எடுத்துப் போடுங்க," என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் இடது கை வேலிக் கம்பியில் உரசிக்கொண்டு வரும். என் இடது கை அவள் வலது தோளில் இருக்கும். வேலி அவளைப் பிடித்திருந்தது, அவள் என்னைப் பிடித்திருந்தாள். நான் சாயும்போதெல்லாம் அவளும் சாய்ந்தாள். ஆனால் நான் விழுந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் தான் சாய்ந்ததை அவள் மறந்துபோனாள். "கீழ பாக்காதீங்க! மக என்ன சொன்னா? நேரா பாருங்க!" என்று அதட்டுவாள். எட்டு மாதமாக நான் அவளை அதட்டியதற்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, திடலின் பாதியைத் தாண்டியபோது, வேலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி இருப்பதைக் கவனித்தேன். அவள் கம்பியைத் தொடவில்லை. என் கை மட்டும் அவள் தோளில் இருந்தது. சொன்னால் போய்விடும் என்று பயந்தேன். அன்று முழுக்க என் முகத்தில் ஏதோ இளிப்பு இருந்திருக்க வேண்டும், "என்ன, பல்லு வலியா?" என்று கேட்டாள்.

அடுத்து நான் அவள் தோளை விட வேண்டும். எப்போது விடுவது என்று எனக்குத் தெரியாது. விடலாம் என்று தோன்றும்போதோ பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "நான் நேரா உக்காந்ததும் நீ போங்கன்னு சொல்லு, விட்டுடறேன்," என்றேன்.

அங்கேதான் பிரச்சினை வந்தது. அவளால் "போங்க" என்று சொல்ல முடியவில்லை. வாசல் தாண்டும் என்னைப் பார்த்து இந்த இருபத்தேழு வருடத்தில் அவள் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "போயிட்டு வாங்க" என்பாள். கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் "போயிட்டு வாங்க"தான். இப்போதும் அதையே சொன்னாள். அவள் "போயிட்டு" சொல்லும்போது நான் சரியாக உட்கார்ந்திருப்பேன். "வாங்க" வருவதற்குள் தரையில் கிடப்பேன்.

"சுருக்கமா போங்கன்னு சொல்லேன்!"

"வெறும் போங்கன்னு எப்படிங்க சொல்றது? வாயில வரமாட்டேங்குது."

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தோம். நான் இரண்டில் விழுந்தேன். கடைசியில் அவளே யோசித்து, "ஜாலான்னு சொல்றேன்," என்றாள். நட என்று மருத்துவர் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்த அதே சொல்.

"மலாய்ல சொன்னா பரவாயில்லையா?"

"மலாய்ல சொன்னா அது ஒங்களைச் சொன்ன மாதிரி இல்ல."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலியை விட்டு விலகி, திடலின் நடுக்கோட்டில் கிளம்பினோம். என் கை அவள் தோளில். முதல் சில அடிகள் ஆட்டம். பிறகு எப்படியோ சக்கரம் எனக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. திடலின் பாதியில் அவள், "ஜாலான்!" என்று கத்தினாள். கையை எடுத்தேன்.

போனேன். உண்மையிலேயே போனேன். நாலு சுற்று, ஐந்து சுற்று. கைகள் இரண்டும் காற்றில் அடித்துக்கொண்டன, ஆனால் போனேன். திடலின் மறுமுனைக் கோட்டைத் தாண்டிக் குதித்து நின்றேன். சக்கரம் பின்னால் விழுந்தது. "பாத்தியா?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

அவள் திடலின் நடுவில் நின்றாள். வேலி எட்டாத தூரத்தில் இருந்தது. என் கை அவள் தோளில் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, இடுப்பளவு தண்ணீருக்குள் நிற்பவளைப் போல நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிடித்துக்கொண்டிருந்த தோள் என்னையும் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

"ஏங்க, திரும்பி வாங்க," என்றாள்.

"எனக்குத் திரும்பத் தெரியாதே," என்றேன். அந்த நேரத்தில் மனிதன் சொல்லும் பதிலா அது? சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு காலால் ஓடியிருக்கலாம். ஓடத்தான் காலை எடுத்தேன். ஆனால் அவள் கண்கள் தரையில் இல்லை, என் மேல் இருந்தன. நான் நின்றுவிட்டேன். என் வாயில் வந்தது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

"கீழ பாக்காத. நேரா பாரு."

முதல் அடி வைத்தாள். இடது பக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள். "பெலான்-பெலான், காக்!" என்று நாசி லெமாக் அக்கா மூலையிலிருந்து குரல் கொடுத்தார், மெதுவாக, மெதுவாக, அக்கா என்று. இவள் கேட்கவில்லை. மெதுவாகப் போனால்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேகவேகமாக, கோபத்தோடு நடப்பவளைப் போல, என்னை முறைத்துக்கொண்டே நடந்து வந்தாள். நடுவில் ஒரு தடவை ஆடினாள். என் கைகள் இரண்டும் தாமாக நீண்டன, மடக்கிக்கொண்டேன். எதையும் பிடிக்காமல் வந்து, என் சட்டையை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அதுக்குத்தான் சொன்னேன், வெறும் போன்னு சொல்லக்கூடாதுன்னு," என்றாள். "போனவரு வரவே இல்ல. நான்ல வர வேண்டியதாப் போச்சு."

இன்று அவள் சந்தைக்குத் தனியாகப் போகிறாள், கீரைக்கட்டோடு திரும்பி வருகிறாள். தலைசுற்றல் முழுக்கப் போகவில்லை. மாலையில் இருவரும் திடலுக்குப் போகிறோம். அவள் நடுக்கோட்டில் நின்று "ஜாலான்" என்பாள், நான் மறுமுனை வரை போய் இறங்குவேன், அவள் நடந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாள்.

ஒற்றைச் சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று மகள் ஏழெட்டு வீடியோ அனுப்பியிருக்கிறாள். நான் எதையும் திறந்து பார்க்கவில்லை.